எந்த கேம் சார் போடலாம்?

ஒரு சத்தத்தில் மயங்கித்தான் நான் கெட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே. நண்பன் ஒருவன் தன்னுடைய பழைய எஸ்டீமை அங்கே ஓட்டிப் பார்க்கக் கொண்டு வந்திருந்தான். ரோட்டிலேயே ஓட்டி வந்திருந்தான். (அந்தத் தப்புக்குப் பிறகு வருகிறேன்.) வண்டி நின்ற இடத்திலேயே, மருதமலைப் படியை ஒரே மூச்சில் ஏறின மனுஷன் மாதிரி, 'தட்... தட தட்... தட்...' என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பானெட் நடுங்குகிறது. கண்ணாடி நடுங்குகிறது. எனக்கு நெஞ்சு நடுங்கியது!

"என்னடா பண்ணினே இதுக்கு?"

"கேம் மாத்தியிருக்கேன்டா. 290 டிகிரி!"

எனக்குத் தெரிந்த டிகிரி ஒன்றே ஒன்றுதான். பி.காம். அதையும் இரண்டு அரியரோடு வாங்கினவன். ஆனாலும் அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கேட்ட அந்த அலறலில், எனக்கும் அப்படி ஒரு டிகிரி வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எங்கள் வீட்டிலும் எஸ்டீம்தான். 2003 மாடல். 1298 சிசி, 16 வால்வு, தலையில் ஒரே ஒரு கேம் ஷாஃப்ட். கம்பெனிக் கணக்குப்படி 85 குதிரை. மாருதி இந்த வண்டியை 2007ல் நிறுத்திவிட்டது. அப்பா நிறுத்தவில்லை. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்து, இன்றைக்கும் வாரம் ஒருமுறை முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போக அதில்தான் ஏறுவார். நான் ஓட்ட, அவர் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, எந்தப் பிரேக்கை எப்போது போட வேண்டும் என்று தன் காலாலேயே தரையில் மிதித்துக் காட்டுவார்.

வாரநாளில் அப்பாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு. ஒரே வண்டி, இரண்டு வாழ்க்கை. பத்திரிகைச் சன்மானங்களில் ரகசியமாகச் சேர்த்த முப்பதாயிரம் ரூபாய் (சிரிக்காதீர்கள், மூணு வருஷச் சேமிப்பு) கையில். இங்கிலாந்து கம்பெனி ஒன்றின் கேட்லாக்கில் ஃபாஸ்ட் ரோடு, ராலி, ரேஸ் என்று கல்யாண மண்டப ரேட் கார்டு மாதிரி வரிசையாகப் போட்டிருந்தான். எதை எடுப்பது?

சிங்காநல்லூர் பக்கம் ஒரு பட்டறை இருக்கிறது. அதன் சொந்தக்காரர், சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே ஸ்பேனர் பிடித்தவர். கோயமுத்தூர்க்காரரான கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்று ஒற்றை ஆள் ரேஸ் காரைக் கட்டினாரே, அந்தக் கதைகளை எல்லாம் கண் முன்னால் பார்த்தவர். (கரிவர்தன் 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003ல் திறந்த செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பேர்தான். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நாராயண் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் இந்த ஃபார்முலா மாருதியைத்தான்.) அப்பேர்ப்பட்ட ஆளிடம் போய் நின்றேன்.

"ஏனுங்ணா, எந்த கேம் போடலாம்?"

"நீங்க எத்தனாயிரத்துல ஓட்டறீங்க தம்பி?"

"முப்பதாயிரம் வச்சிருக்கேனுங்ணா."

"பணத்தைக் கேக்கலீங்க. ஆர்.பி.எம்.மைக் கேட்டேன்."

பட்டறைப் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டயருக்குப் பின்னால் போனார்கள்.

அண்ணன் ஒரு சாக்குப்பையிலிருந்து பழைய கேம் ஷாஃப்ட் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். இரும்புக் கம்பியில் வரிசையாகக் கொழுக்கட்டை கோத்தது மாதிரி இருந்தது. கம்பி சுற்றும்போது, கொழுக்கட்டையின் மூக்கு வந்து வால்வைத் தள்ளித் திறக்கும். மூக்கு தாண்டிப் போனதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கிராங்க் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்று. இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் கேம் 3000. அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஐம்பது தடவை திறந்து மூடுகிறது! நாம் நொடிக்கு ஐம்பது தடவை கண் சிமிட்டினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள்.

மூக்கு எவ்வளவு உயரம் என்பது லிஃப்ட். வால்வு எத்தனை டிகிரி நேரம் திறந்திருக்கிறது என்பது டியூரேஷன். நண்பன் பீற்றிக்கொண்ட 290 இதுதான். கிராங்க் சுற்றும் கணக்கில் 290 டிகிரி. சாதாரண ரோட்டு வண்டிகளில் இது பெரும்பாலும் 240, 250 என்கிற மாதிரி இருக்கும்.

"அப்ப 290 போட்டா 270ஐ விட பவர் ஜாஸ்திதானுங்களே?"

"எந்த 270?" என்றார் அண்ணன்.

இங்கேதான் எனக்குள்ளிருந்த பி.காம். விழித்துக்கொண்டான். ஒரு கம்பெனி, வால்வு லேசாக அசைய ஆரம்பித்த கணத்திலிருந்தே டிகிரியை எண்ணுகிறது. இன்னொரு கம்பெனி, ஒரு மில்லிமீட்டர் திறந்த பிறகுதான் எண்ண ஆரம்பிக்கிறது. அமெரிக்காக்காரன் 50 தௌ, அதாவது 1.27 மில்லிமீட்டர் திறந்த பிறகு எண்ணுகிறான். ஒரே கேம், ஒருத்தன் கணக்கில் 270, இன்னொருத்தன் கணக்கில் 230 சொச்சம்! முதலாவது ஆபீஸில் சொல்கிற கிராஸ் சம்பளம். இரண்டாவது பி.எஃப்., வரி எல்லாம் போய் வீட்டுக்கு வருகிற சம்பளம். பெண் பார்க்கப் போகும்போது எதைச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். எனவே இரண்டு கேட்லாக்கை ஒப்பிடும்போது, எந்த லிஃப்டில் அளந்த டிகிரி என்று கேட்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

லிஃப்டுக்கும் ஒரு எல்லை உண்டு. வால்வின் விட்டத்தில் கால்வாசி அளவுக்குத் திறந்துவிட்டால், அதற்கு மேல் திறப்பதால் வழி பெரிதாக அகலமாவதில்லை. ஆனால் ஆபத்து மட்டும் கூடும். மேலே வரும் பிஸ்டனும் கீழே இறங்கும் வால்வும் முத்தமிட்டுக்கொண்டால், அந்த முத்தத்தின் விலையில் இன்ஜினையே இன்னொன்று வாங்கலாம். இதைத் தெரிந்துகொள்ள அண்ணனிடம் இருக்கிற கருவி என்ன தெரியுமா? குழந்தைகள் பொம்மை செய்து விளையாடுகிற கலர் களிமண்! பிஸ்டன் தலையில் அதை அப்பி, ஹெட்டை மாட்டி, கையாலேயே இன்ஜினை இரண்டு சுற்று சுற்றி, ஹெட்டைக் கழற்றி, களிமண்ணில் வால்வு பதிந்த பள்ளத்தைப் பிளேடால் வெட்டி அளந்து பார்ப்பார். இன்டேக் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டரையாவது மிச்சம் இருக்க வேண்டுமாம். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும். அதனால் அதற்கு மட்டும் கூடுதல் சலுகை.

ஸ்பிரிங்கையும் மறந்துவிடக் கூடாது. கேம் வேகமாகத் தள்ளிவிட்டு ஓட, பழைய ஸ்பிரிங்கால் வால்வைத் திருப்பி இழுக்க முடியவில்லை என்றால் வால்வு அந்தரத்தில் மிதக்கும். கேமுக்கு வைத்த பட்ஜெட்டில் ஸ்பிரிங்குக்கும் எழுதிவிட வேண்டும்.

சரி, அந்த 'தட் தட தட்' எங்கிருந்து வந்தது?

எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்க ஆரம்பித்துவிடும். கொஞ்ச நேரம் இரண்டு கதவும் திறந்திருக்கும். இதற்கு ஓவர்லாப் என்று பெயர். டியூரேஷன் கூடக் கூட இதுவும் கூடும். இரண்டு கொழுக்கட்டை மூக்குகளுக்கும் இடையே உள்ள கோணத்தைக் குறைத்தாலும் கூடும். கேட்லாக்கில் 106, 110, 114 என்று ஒரு எண் போட்டிருக்கும். எண் சின்னதானால் ஓவர்லாப் பெரிது. இரட்டை கேம் இன்ஜினில் புல்லியைத் திருகி இதை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் எஸ்டீம் மாதிரி ஒற்றைக் கேமில் செதுக்கினது செதுக்கினதுதான், தலையெழுத்து!

இன்ஜின் ஆறாயிரம், ஏழாயிரத்தில் அலறும்போது, வெளியே ஓடும் புகை தன் வேகத்தில் புதுக் காற்றையும் கையோடு உள்ளே இழுத்துக்கொண்டு வரும். டவுன் பஸ்ஸில் முன் படியில் நாலு பேர் வேகமாக இறங்க, பின் படியில் ஆறு பேர் ஏறுகிற மாதிரி. ஆனால் அதே இன்ஜின் எண்ணூறு, ஆயிரத்தில் சோம்பிக் கிடக்கும்போது? இறங்க வேண்டியவன் இறங்காமல் ஏறுகிறவன் மேலேயே மோதுவான். எரிந்த புகை திரும்பி இன்டேக்குக்குள் போகும். ஒரு தடவை எரியும், ஒரு தடவை எரியாது. தட்... தட தட்... நான் மயங்கினேனே, அந்த சங்கீதம் இதுதான். இன்ஜின் விக்குகிற சத்தம்!

"சுருக்கமாச் சொல்லட்டுங்களா?" என்றார் அண்ணன். "கேம் பவரைக் குடுக்கறதில்லீங்க. கீழே இருந்து எடுத்து மேலே வைக்குது. அவ்வளவுதான்."

ஆஹா, இரட்டைப் பதிவு முறை! ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று. பேப்பரும் பேனாவும் வாங்கிக் கணக்குப் போட்டேன். குதிரை சக்தி என்பது தனிச் சரக்கு இல்லை, டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கினால் வருவது. உதாரணத்துக்கு, ஒரு இன்ஜின் 6000ல் 100 நியூட்டன் மீட்டர் தருகிறது என்றால் சுமார் 84 குதிரை. பெரிய கேம் போட்டு, அதே 100ஐ 7000 வரைக்கும் இழுத்துப் பிடித்தால் 98 குதிரை. பதினாலு குதிரை லாபம்! விசில் அடிக்கலாம். ஆனால் 2000 ஆர்.பி.எம்.மில் முன்பு 100 தந்தது இப்போது 80தான் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 குதிரை இருந்த இடத்தில் 22. இன்டேக் வால்வு லேட்டாக மூடுவதால், மெதுவாக ஓடும்போது உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்பி வெளியே போய்விடுகிறது. அந்த நஷ்டம்தான் இது. கம்ப்ரஷனை ஏற்றிக் கொஞ்சம் ஈடுகட்டலாம். அதற்கு ஹெட்டைச் சீவ வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

"இப்பச் சொல்லுங்க, நீங்க எத்தனாயிரத்துல ஓட்டறீங்க?"

ஐயாயிரத்துக்குக் குறையாது என்று மீசையை முறுக்கத்தான் ஆசை. "ஒரு வாரம் எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

எழுதினேன். சிகப்பு பைண்டிங் போட்ட கணக்கு நோட்டு. காந்திபுரம், உக்கடம், சாய்பாபா காலனி, டாக்டர் வீடு. சிக்னலுக்குச் சிக்னல் மீட்டரைப் பார்த்துக் குறித்தேன். அப்பா, "யாருக்குடா கணக்கு எழுதறே?" என்றார். "பத்திரிகைக்குப்பா" என்று சமாளித்தேன். (பாருங்கள், அது உண்மையாகிவிட்டது!) சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால்... பக்கம் பக்கமாக ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு. பொள்ளாச்சி ரோட்டில் கொஞ்ச நேரம் மூவாயிரம். ஐயாயிரத்தைத் தாண்டியது வாரத்திலேயே ஒரே ஒரு முறை, ஒரு பஸ்ஸை முந்தும்போது, அதுவும் நாலைந்து விநாடி. அப்போது அப்பா தரையில் மிதித்த மிதியில் கார் தளமே ஓட்டை விழுந்திருக்கும்.

கேட்லாக்கை மறுபடி பார்த்தேன். ரேஸ் கேமுக்கு உயிர் வருவதே 3500, 4000க்கு மேல். ராலி கேம் சுமார் 2500ல் கண் விழிக்கும். அதாவது முப்பதாயிரம் கொடுத்து, நான் வாழ்கிற வீட்டை இடித்து, போகவே போகாத மாடியில் ஒரு ரூம் கட்டப் போகிறேன்!

அப்படியும் சபலம் போகவில்லை. "ஃபாஸ்ட் ரோடு" சின்ன சைஸ்தானே, போட்டால் என்ன என்று உள்ளுக்குள் ஒருவன் பேசிக்கொண்டே இருந்தான். அவன் வாயை மூடினது நண்பனின் வண்டிதான்.

ஒருநாள் எங்கள் வண்டி சர்வீஸில் இருந்தது. அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். நண்பன், "என் வண்டியில வாங்கப்பா" என்று தட தடவென வந்து நின்றான். அப்பா ஏறினார். உக்கடம் நெரிசல். கொஞ்சம் நகர்கிறது, பிரேக். கொஞ்சம் நகர்கிறது, பிரேக். மூன்றாவதோ நாலாவதோ பிரேக்கில் அவன் முகம் மாறியது. பெடல் கல்லாகிவிட்டது! மிதிக்கிறான், இறங்கவில்லை. எதிரே ஒரு டெம்போவின் பின்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக எங்களை நோக்கி வருகிறது. ஸீட்டில் முதுகை முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து நிறுத்தினான். இடையில் ஒரு சாண். டெம்போவின் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்பாவின் வலது கால் மட்டும் தரையை விட்டு எடுக்கப்படாமல் அப்படியே அழுந்தியிருந்தது.

அண்ணனிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது இன்டேக் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. நம் காலுக்கு உதவி செய்கிற பிரேக் பூஸ்டருக்கு அந்த வெற்றிடம்தான் சாப்பாடு. பெரிய ஓவர்லாப் இருந்தால் ஐடிலிங்கில் வெற்றிடமே சரியாக உண்டாகாது. ஊர்ந்து போகும்போது நாலு தடவை பிரேக் மிதித்தால் பூஸ்டரில் இருக்கிற சேமிப்பு காலி. அதற்கப்புறம் உங்கள் கால், உங்கள் பலம், உங்கள் அதிர்ஷ்டம். வெற்றிடத்தை அளந்து பெட்ரோல் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டரும் குழம்பிப் போகும். டிராக்கில் இது தெரியாது. அங்கே இன்ஜின் ஐடிலிங்குக்கே வருவதில்லை.

"உங்க நண்பர் அதை ரோட்டுக்கே கொண்டு வந்திருக்கக் கூடாதுங்க" என்றார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி ஒரிஜினலாகக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு, எரியாத பெட்ரோல் ஓவர்லாப் வழியாகப் புகையோடு வெளியே போவதால், புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

"அப்ப ஒரே வண்டியில ரெண்டும் முடியாதுங்களா?"

"ஏன் முடியாது? ஹோண்டாக்காரன் 1989லயே பண்ணிட்டான்."

வி-டெக்! ஒரே கம்பியில் சின்னக் கொழுக்கட்டை, பெரிய கொழுக்கட்டை இரண்டையும் செதுக்கி வைத்துவிட்டார்கள். மெதுவாக ஓடும்போது சின்னது வேலை செய்யும். வேகம் ஏறினதும் ஆயில் பிரஷரில் ஒரு ஊசி நகர்ந்து பெரியதைக் கோத்துவிடும். ஜப்பானில் வந்த அந்த முதல் 1600 சிசி இன்ஜின் 160 குதிரை தந்தது, டர்போ இல்லாமல்! வீட்டுக்குள் லுங்கி, வெளியே கோட்டு சூட்டு. அதை எஸ்டீமில் எப்படிப் போடுவது என்று நான் கேட்க வாயைத் திறப்பதற்குள், "வேண்டாமுங்க" என்றார்.

கடைசியில் எங்கள் வண்டியை வெறும் வால்வு கிளியரன்ஸ் பார்க்கத்தான் விட்டேன். கவரைக் கழற்றிப் பார்த்த அண்ணன், ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு புல்லியில் இருந்த குறியைக் காட்டினார். டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறது! முன்பு எங்கோ பெல்ட் மாற்றியபோது செய்த திருவிளையாடல். ஒரு பல்தானே என்று நினைக்காதீர்கள். கிராங்க் கணக்கில் சுமார் பதினைந்து, இருபது டிகிரி. அத்தனை வருஷமும் வால்வுகள் எல்லாம் ஆபீஸுக்கு லேட்டாகவே வந்துகொண்டிருந்திருக்கின்றன. கேமைத் தேடி அலைந்தேனே, இருந்த கேமே ஒழுங்காக வேலை செய்யவில்லை!

புது பெல்ட், டென்ஷனர், வால்வு கிளியரன்ஸ், பிளக். முப்பதாயிரத்தில் பெரும்பங்கு பர்ஸிலேயே தங்கிவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். இரண்டாவது கியரில், ஆயிரத்து ஐநூறில், காலை லேசாக வைத்தேன். இழுத்தது பாருங்கள்! பத்து வருஷமாக அது எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் போல இருந்தது. மறுநாள் மேம்பாலம் ஏறும்போது அப்பா, "என்னடா, வண்டி பொட்டாட்டம் ஏறுது?" என்றார். கொங்கு நாட்டில் இது பெரிய சர்டிபிகேட்.

நண்பன்? அந்த உக்கடம் சம்பவத்துக்கப்புறம் அவன் எஸ்டீம் டிராக்குக்கு மட்டும்தான், அதுவும் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் போகிறது. ஆனால் அவனுக்கும் அண்ணன் அதே கேள்வியைத்தான் கேட்டார். செட்டிபாளையம் டிராக் மொத்தமே 2.1 கிலோமீட்டர். வளைவுக்குப் பின் வளைவு. வளைவிலிருந்து வெளியே வரும்போது அவன் இன்ஜின் மூவாயிரம், நாலாயிரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. 290 முழிக்கும்போது அடுத்த வளைவே வந்துவிடும்! 290ஐக் கழற்றி 272 போட்டான், புது ஸ்பிரிங்கோடு. பழைய சத்தம் போய்விட்டது, கொஞ்சம் துக்கம்தான். ஆனால் முன்பு அவனை வளைவில் முந்திக்கொண்டு போனவர்களை இப்போது அவன் முந்துகிறான்.

கழற்றிய 290 கேமை எனக்கே கொடுத்துவிட்டான். எழுதுகிற மேஜை மேல் அழகுக்கு வைத்திருந்தேன். போன வாரம் காணோம். தேடினால், அம்மா அதைத் தொட்டியில் நட்டு, சாய்ந்துகொண்டிருந்த கறிவேப்பிலைக் கன்றை அதில் கட்டி வைத்திருக்கிறாள். கொழுக்கட்டை மூக்கில் கயிறு நழுவாமல் நன்றாக நிற்கிறதாம்.